மறுக்கும் மருத்துவரும் காத்திருக்கும் பெண்ணும்

அவையோருக்கு வணக்கம்.

கருக்கலைப்பு செய்வது தம் மனசாட்சிக்கு ஒவ்வாது என்று ஒரு மருத்துவர் உண்மையாகவே சொல்வாரானால், அவரை வற்புறுத்தி அறுவை அரங்கில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. அது அவருக்கும் நல்லதன்று, அவர் கையில் தன்னை ஒப்படைக்கும் பெண்ணுக்கும் நல்லதன்று. ஆனால் அந்த மறுப்பின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதை இன்று நாம் கேட்டாக வேண்டும்.

இத்தாலியின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. அங்கே 1978-இல் வந்த 194-ஆம் எண் சட்டம் முதல் 90 நாட்களுக்குள் கருக்கலைப்பை அனுமதித்தது. அதன் 9-ஆம் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் விலகி நிற்கும் உரிமையைத் தந்தது. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. பெண்ணின் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தால் மறுப்பு செல்லாது. கருக்கலைப்புக்கு முன்னும் பின்னும் தேவைப்படும் கவனிப்பை மறுக்க முடியாது. எத்தனை பேர் விலகினாலும் சேவை கிடைக்கச் செய்வது மருத்துவமனையின் கடமை. இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட சட்டத்தின் கீழும், மகப்பேறு மருத்துவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் பல ஆண்டுகளாக மறுப்பாளர்களாகவே பதிவாகி வந்திருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் ஆள் இல்லை என்று இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறொரு ஊருக்கும் அலையும் பெண்ணுக்கு அந்த 90 நாட்கள் கரைந்துகொண்டே போகின்றன. மறுக்காத மருத்துவர்களின் நிலையும் எனக்கு வேதனை தருகிறது: மற்றவர்கள் விட்ட வேலை முழுவதும் அவர்கள்மேல் விழுகிறது. அவர்கள் பணியிடத்தில் பாகுபாட்டுக்கு உள்ளாவதாக ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 2016-இல் வெளியான தீர்மானத்தில் கூறியது.

மறுப்பு எதுவரை செல்லும் என்பதும் முக்கியமானது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரு பேறுகாலச் செவிலியர்களின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-இல், சிகிச்சையில் நேரடியாக ஈடுபடுவதை மறுக்கலாம், பணிப் பட்டியல் தயாரிப்பதையும் மேற்பார்வையையும் மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2008-இல் இயற்றிய சட்டப்படி, மறுக்கும் மருத்துவர் மறுப்பில்லாத இன்னொருவரிடம் அப்பெண்ணை அனுப்பியாக வேண்டும். சுவீடன் மறுக்கும் உரிமையையே மருத்துவர்களுக்குத் தரவில்லை. அந்த அளவுக்குப் போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விக்டோரியாவின் வழியே நியாயமானதாகப் படுகிறது. அனுப்பிவைப்பதும் பாவத்தில் பங்கேற்பதே என்று சிலர் வாதிடுகிறார்கள். அவர்களின் தவிப்பு புரிகிறது. எனினும் எங்கே போவது என்ற தகவலைக்கூட மறைப்பது, இன்னொருவரின் முடிவைத் தாமே எடுத்துக்கொள்வதாகும்.

மனசாட்சி தனிமனிதருக்கு உரியது. ஒரு மருத்துவமனை முழுவதும் அதன் பெயரால் கதவடைக்க இடமில்லை. ஆகவே நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது இதுதான்: மறுப்பை முன்னதாகவே எழுத்தில் பெறுங்கள், பணியமர்த்தும்போதே மறுப்பில்லாத மருத்துவர்கள் போதிய அளவில் இருக்கிறார்களா என்று பாருங்கள், முதல் நாளே அந்தப் பெண்ணிடம், யாரை, எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.