முளையைப் பார்த்தவர்

(பள்ளி விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவக் கண்மணிகளே, வணக்கம். பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகர் சங்கத்தாருக்குத் தனி நன்றி.

அமெரிக்க ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவரை உருவாக்கிய பள்ளி, அவர் எதிர்கொண்ட நிறவெறி, ஓட்டம் நின்றபின் அவர் பட்ட பாடு.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியும்தான்; பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? 1913இல் அலபாமாவில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்து, கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்த அந்தக் கறுப்பினச் சிறுவனைப் பார்த்தவர், சார்லஸ் ரைலி என்ற வெள்ளையர், பள்ளிப் பயிற்சியாளர். மாலையில் பையன் வேலைக்குப் போக வேண்டும். ரைலி, பள்ளி தொடங்குமுன் காலையிலேயே பயிற்சி கொடுத்தார். தரை தீயாய்ச் சுடுவதாக நினைத்து ஓடச் சொன்னார். பாதம் தரையில் தங்கும் நேரம் குறைந்தால்தானே வேகம்!

1935 மே 25. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகர மைதானம். சில நாள் முன்பு படிக்கட்டில் விழுந்ததில் ஓவன்ஸால் முதுகை வளைக்க முடியவில்லை. ஓட வேண்டாம் என்று நினைத்த பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லாரி ஸ்னைடரிடம், ஒரு பந்தயம் மட்டும் ஓடிப் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கினார். அன்று, ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்கு அனுமதி கிடையாது. கொத்துக்கரண்டியால் கரித்தூள் தடத்தில் காலுக்குக் குழி தோண்ட வேண்டும். குழியின் பின்சுவர் செங்குத்தாக, இறுகலாக இருக்க வேண்டும். உதிர்ந்தால் முதல் அடியிலேயே கால் வழுக்கும்.

3.15க்கு 100 கெஜம், 9.4 வினாடி: உலக சாதனை சமன். 3.25க்கு நீளம் தாண்டுதல். பழைய சாதனைத் தூரத்தில், மணல்குழி ஓரமாகக் கைக்குட்டை ஒன்றை வைத்தார்கள். ஒரே தாண்டல்: 8.13 மீட்டர்! அது 25 ஆண்டு நின்றது. 3.34க்கு 220 கெஜம், 20.3. 4 மணிக்குத் தடை ஓட்டம், 22.6. எல்லாம் 45 நிமிடத்தில்.

அப்படிப்பட்டவருக்கு அவர் படித்த ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் இடமில்லை. கறுப்பின மாணவர்கள் வெளியே தங்கினார்கள். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லரின் இனப் பெருமைக்கு எதிரே நான்கு தங்கம் வென்று திரும்பியவர், நியூயார்க் ஹோட்டலில் தமக்கு நடந்த வரவேற்புக்கே சரக்கு லிப்டில் ஏற வேண்டியிருந்தது. மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. குதிரையோடு பந்தயம் ஓடிப் பிழைத்தார் என்பதோடு நிறுத்துகிறேன்.

கல்வி அலுவலர் அவர்களே, விளையும் பயிர் முளையிலே தெரிய, முளைக்க இடம் வேண்டும். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மணல்குழி கேட்கிறேன். அகலம் 2.75 மீட்டர், தாண்டும் பலகையிலிருந்து குழியின் கடைசி விளிம்பு 10 மீட்டர், ஓடிவர 40 மீட்டர். மணல் ஓடுதடத்தின் மட்டத்துக்கே இருக்கட்டும். இறுகிய மணலில் விழுந்தால் கணுக்கால் போய்விடும். ஆகவே தாண்டுமுன் நீர் தெளித்து, மண்வெட்டியால் கிளறி, சமன்செய்ய வேண்டும். ஆற்று மணல் இரண்டு லோடு, மண்வெட்டி, வாரி, அளவுநாடா: இவற்றுக்கான அனுமதியை இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டுகிறேன்.