போக்கர் மேசையில் எழும் வழக்குகள்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். கேசினோவில் சீட்டுப் போடும் டீலராகவும், பிறகு மேசைத் தகராறுகளைத் தீர்க்கும் மேற்பார்வையாளராகவும் வேலை பார்த்தவன் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். யாரையும் சூதாடச் சொல்லி நான் வரவில்லை. நம் மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கேசினோ கெந்திங் மலையில் உள்ள ஒன்றுதான். 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே ஆட அனுமதியில்லை. ஆனால் டீலர் வேலைக்கென்று மலைக்கும் சூதாட்டக் கப்பலுக்கும் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போக்கர் என்ற சீட்டாட்டத்தில் எந்தத் தகராறுக்கு என்ன தீர்ப்பு என்று சொல்கிறேன், இரண்டு தரப்புக்கும் இது உதவும்.

அடிக்கடி வரும் வழக்கு இது. எதிரே இருப்பவர் 100 வெள்ளி கட்டுகிறார். நீங்கள் வாயைத் திறக்காமல் ஒரே ஒரு 500 வெள்ளிச் சில்லை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டை, முன்னால் வைக்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது ரெய்ஸ், அதாவது தொகையை ஏற்றுவது. தீர்ப்பு என்ன? கால், அதாவது எதிராளி கட்டிய அதே தொகையை நீங்களும் கட்டியதாகத்தான் கணக்கு. உங்கள் 100 போக மீதி 400 திரும்பி வரும். “இல்லண்ணே, ஏத்தத்தான் வெச்சேன்” என்று எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள்! பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் மனதில் நினைத்ததை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சில்லை வைத்துவிட்டு, எதிராளி முகம் சுருங்குகிறதா மலர்கிறதா என்று பார்த்து, பிறகு ‘ரெய்ஸ்’ என்றோ ‘கால்’ என்றோ சொல்லலாம். அது மற்றவருக்குச் செய்யும் அநியாயம். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு காட்டியதைத்தானே தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதினார்? பால்மரம் வெட்டியவர் மனக்கணக்கை எழுதவில்லையே. அதனால் முதலில் வாயால் சொல்லுங்கள், “ரெய்ஸ், 500” என்று. உங்கள் முறையில் சொன்ன சொல் உங்களைக் கட்டும், உங்களைக் காக்கவும் செய்யும்.

படத்தில் வரும் நாயகன், “உன் நூறைக் கட்டுறேன், அதுக்கு மேல இருநூறு” என்பான். உண்மையான மேசையில் முதல் பாதியோடு அவன் பேச்சு முடிந்தது, கால்தான். ஒரு கைப்பிடிச் சில்லை வைத்துவிட்டு, மறுபடியும் அடுக்குக்குக் கையைக் கொண்டுபோய் இன்னும் எடுத்து வருவதும் இதே கதைதான். தொகையைச் சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் ஒரே அசைவில் வைத்துவிட வேண்டும்.

குறைவாக ஏற்றினால்? 100 கட்டியிருக்கும் இடத்தில் நீங்கள் பேசாமல் 160 வைத்தால், குறைந்தபட்ச ஏற்றமான 100-இல் பாதிக்கு மேல் வந்துவிட்டதால் 200 ஆக நிரப்பச் சொல்வார்கள். 140 வைத்தால் அது கால், 40 திரும்பிவிடும். 2001-இல் தொடங்கிய போக்கர் போட்டி இயக்குநர்கள் சங்கத்தின் விதித்தொகுப்பு இப்படித்தான் சொல்கிறது. அது போட்டிகளுக்காக எழுதப்பட்டது. ரொக்க ஆட்டத்தில் ஒவ்வொரு கேசினோவுக்கும் சொந்த விதி உண்டு. உட்காருவதற்கு முன்பே டீலரிடம் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

முறை தவறி ஆடுவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. இன்னொருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “நம்ம கையில ஒண்ணுமில்ல” என்று சீட்டை வீசிவிடுகிறார்கள். தனக்கு நஷ்டமில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் யோசிப்பவருக்குப் பின்னால் ஒரு ஆள் குறைந்துவிட்டார் என்ற செய்தி இலவசமாகப் போய்விட்டது. அதன் விலையைக் கொடுப்பவர் மூன்றாமவர். முறைக்கு முன்னால் ‘ரெய்ஸ்’ என்று கத்தியவருக்கோ, இடையில் உள்ளவர் தொகையை மாற்றாமல் விட்டால் அந்தச் சொல் செல்லுபடியாகும். அவர் ஏற்றிவிட்டால் கத்தியவர் புதிதாக முடிவெடுக்கலாம்.

கடைசியில் சீட்டைத் திறந்து மேசையில் வையுங்கள். உங்கள் கையை, அதாவது சீட்டுச் சேர்க்கையை, நீங்கள் தப்பாகச் சொன்னாலும் டீலர் சீட்டைப் பார்த்துத்தான் படிப்பார். கவிழ்த்துத் தள்ளிக் கழிவுக் குவியலோடு கலந்துவிட்டால், ஜெயித்த கையாக இருந்தாலும் பெரும்பாலும் போனது போனதுதான். டீலர் பக்கத்து இருக்கையில் உட்காருபவர்கள், அவர் தவறுதலாக வாரிவிடாமல் இருக்க, சீட்டின்மேல் ஒரு சில்லை வைத்துக்கொள்வது நல்லது. வெற்றி நிச்சயம் என்று தெரிந்தும் எதிராளியைக் காக்கவைத்து மெல்லத் திறப்பது விதிமீறல் இல்லை, ஆனால் கேவலமான பழக்கம்.

தகராறு வந்தால் சில்லிலிருந்து எல்லாரும் கையை எடுங்கள். மேற்பார்வையாளர் வந்து முதலில் டீலரைக் கேட்பார், பிறகு உங்களை. நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். டீலர் தம்பியைத் திட்டாதீர்கள், விதியை எழுதியவர் அவரில்லை.

தீபாவளிக்கு வீட்டில் சீட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைச் சூதாட்டக் கூடமாக நடத்துவது 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள். முதலில் சொன்ன ஒற்றைச் சில்லு விதியை முதல் சீட்டு போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆடாமல் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவையோ அத்தையையோ தீர்ப்புச் சொல்ல வையுங்கள். அவர் சொன்ன பிறகு அந்தக் கையைப் பற்றி மறுபேச்சு வேண்டாம், அடுத்த கையைப் போடுங்கள். நன்றி, வணக்கம்.