இரண்டாம் பாகம் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

நூலகப் புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். திருப்பித் தர வேண்டிய தேதியை ரப்பர் ஸ்டாம்பால் குத்துகிற தாள். இருபத்தாறு வருடம் ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஸ்டாம்பைக் குத்தியவன் நான். ஒரு கதை ஐந்து பாகமாக வந்தது என்று வையுங்கள். முதல் பாகத்தின் தாளில் இடமே இருக்காது. அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டியிருப்போம். இரண்டாம் பாகத்தில் பாதித் தாள் நிரம்பியிருக்கும். மூன்றாம் பாகத்தில் நாலைந்து தேதி. ஐந்தாம் பாகம் அச்சகத்திலிருந்து வந்த வாசனை போகாமல் அப்படியே இருக்கும். அந்தத் தாள்களை வரிசையாகத் திறந்து பார்த்தாலே போதும், எந்த இடத்தில் கதை வாசகனைக் கைவிட்டது என்று தெரிந்துவிடும். விமர்சனம் எதுவும் படிக்க வேண்டியதில்லை.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாயாஜாலக் கதை வரிசைகளையும் சாகசக் கதை வரிசைகளையும் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். என்னிடம் இருப்பது இந்த ஒரே அளவுகோல்தான். முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் பிள்ளையின் கையில் திணித்துவிடலாம். அப்பா வாங்கித் தரலாம், டீச்சர் சொல்லலாம், சினிமா பார்த்த வேகத்தில் எடுக்கலாம். இரண்டாம் பாகத்தை யாரும் திணிக்க முடியாது. அது பிள்ளை தானாக வந்து கேட்பது.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், மந்திரம், சண்டை எல்லாம் இருக்கிற மாதிரி பெரிய கதையா ஒண்ணு குடுங்க" என்றான். ஆங்கிலம் நன்றாகப் படிப்பான். நான் அப்போதுதான் டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்து முடித்து, அந்த மயக்கம் தெளியாமல் இருந்தேன். முதல் பாகத்தைத் தூக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கொண்டு வந்து வைத்தான். எப்படி இருந்தது என்றேன். "நல்லா இருந்துது சார்" என்றான், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. புத்தகத்தைப் பிரித்தால் ஆரம்பப் பக்கங்களிலேயே அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இருக்கிறது. அதைத் தாண்டவே இல்லை. அந்த நாவல் ஒரு நீளமான முன்னுரையோடு தொடங்கும். ஹாபிட் என்ற சின்ன உருவ மனிதர்களின் பழக்கவழக்கம், அவர்கள் புகைக்கிற இலையின் வரலாறு என்று போகும். எனக்கு அது தேனாக இனித்தது. பதினாலு வயதுப் பையனுக்கு எப்படி இனிக்கும்?

அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அதே ஆசிரியரின் 'தி ஹாபிட்'. 1937இல் வந்த சிறிய புத்தகம். டிராகன் காக்கும் புதையலைத் தேடி பதின்மூன்று குள்ளர்களும், வீட்டை விட்டுக் கிளம்பவே பிடிக்காத ஒரு ஹாபிட்டும் போகிற கதை. அது அச்சுக்குப் போனதே வேடிக்கையான சங்கதி. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கைப்பிரதியைத் தன் மகன் ரேனரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பையனுக்கு வயது பத்து. படித்து அபிப்பிராயம் எழுதித் தந்ததற்கு ஒரு ஷில்லிங் கூலி. நல்ல கதை, ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதினான். பத்து வயதுப் பெரிய மனிதர் அல்லவா! பதின்வயதுக்காரர்களுக்குப் புத்தகம் சிபாரிசு செய்கிறவர்கள் இந்த ரேனரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "இது உன் வயசுக்கானது" என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அது தன் தம்பிக்கானது என்று முடிவு கட்டிவிடும்.

சரி, கைவிடாத கதைகளுக்கு வருகிறேன்.

புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது 'பெர்ஸி ஜாக்ஸன்'. எழுதியவர் ரிக் ரியோர்டன். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம். டிஸ்லெக்ஸியா என்கிறார்களே, அது. கூடவே ஓரிடத்தில் உட்கார முடியாத கவனச் சிதறலும் உண்டு. தூங்கப் போகும்போது அந்த மகன் கிரேக்கப் புராணக் கதை கேட்பான். தெரிந்த கதைகளெல்லாம் தீர்ந்துபோனதும் அப்பா புதிதாகக் கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அப்படிப் பிறந்தவன்தான் பெர்ஸி. பன்னிரண்டு வயது, அதே இரண்டு சிரமங்கள். பள்ளிக்கூடம் மாற்றி மாற்றித் துரத்தப்படுகிறவன். அப்புறம் தெரியவருகிறது, அவன் ஒரு கிரேக்கக் கடவுளின் பிள்ளை என்று. ஆங்கில எழுத்துகள் கண் முன்னால் மிதப்பது ஏன்? அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்காக அமைந்தது. உட்கார முடியாமல் துடிப்பது ஏன்? போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றப்போகிற துடிப்பு அது. வகுப்பில் எதற்காகத் திட்டு வாங்கினானோ, கதைக்குள் அதுவே அவனுடைய பலம்.

முதல் பாகம் 2005இல் வந்தது, ஐந்தாவது 2009இல். முதல் அத்தியாயத்தின் தலைப்பே, கணக்கு டீச்சரைத் தெரியாத்தனமாக ஆவியாக்கிவிட்டேன் என்கிற ஒப்புதல் வாக்குமூலம். பத்தாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தலைப்பை மட்டும் படித்துக் காட்டினேன். புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறைதான். உண்மையைச் சொன்னால், மூன்றாம் பாகத்துக்குள் எனக்கு அந்த நையாண்டி சலித்துவிட்டது. அவளுக்குச் சலிக்கவில்லை. ஐந்து தாளிலும் அவள் தேதி இருந்தது.

இதே ரியோர்டன் பெயரில் நடக்கும் பதிப்பு வரிசையில் 2018இல் வந்த கதை 'ஆரு ஷா'. எழுதியவர் ரோஷனி சோக்ஷி. அட்லாண்டா நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் வளரும் ஏழாம் வகுப்புச் சிறுமி, கூடப் படிக்கிறவர்கள் சீண்டியதால் ஏற்றக் கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். காலம் அப்படியே உறைந்துவிடுகிறது. பார்த்தால் அவள் அர்ஜுனனின் மறுபிறவி. பாண்டவர்கள் பெண் பிள்ளைகளாகப் பிறந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் விளையாட்டு. பாட்டியிடம் பாரதக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் கூடுதல் ருசி. ஆசிரியர் எங்கே மாற்றியிருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சண்டை போடலாம்.

ஹாரி பாட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏழு பாகம், தமிழிலும் வந்திருக்கிறது. பதினொரு வயதில் படிக்கத் தொடங்கும் பிள்ளையோடு சேர்ந்து ஹாரியும் வளர்கிறான், புத்தகமும் கனமாகிறது, கதையும் இருட்டுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஐந்தாம் பாகம் செங்கல் கனம். அங்கே பல பேர் நின்றுவிடுவார்கள். நிற்கட்டும், கோடை விடுமுறையில் திரும்ப வருவார்கள்.

மந்திரவாதிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் என்பது ஹாரியோடுதான் தொடங்கியது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்கு இருபத்தொன்பது வருடம் முன்னால், 1968இல், உர்சுலா லெ குவின் அப்படியொரு பள்ளியைக் கட்டிவிட்டார். 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்பது நாவல். நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஓர் உலகம். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அந்தப் பெயர் தெரிந்தவனுக்கு அது கட்டுப்படும். அதனால் யாரும் தன் உண்மைப் பெயரை லேசில் வெளியே சொல்வதில்லை. ஆடு மேய்க்கும் பையன் கெட், மந்திரப் பள்ளிக்குப் போகிறான். கெட்டிக்காரன், ரோஷக்காரன். மேல்வகுப்பு மாணவன் ஒருவன் சிரித்துக்கொண்டே குத்திப் பேசுவதைப் பொறுக்க முடியாமல், தன் வித்தையைக் காட்ட ஒரு ராத்திரி குன்றின் மேல் நின்று, செத்துப்போனவளின் ஆவியைக் கூப்பிடுகிறான். அவள் வருகிறாள். ஆனால் வெளிச்சம் கிழிந்த அந்தப் பிளவின் வழியாக இன்னொன்றும் வந்துவிடுகிறது. முகமில்லாத ஒரு நிழல். அது நேராக அவன் மேல் பாய்ந்து முகத்தைக் கிழிக்கிறது. அன்றிலிருந்து அவன் ஓடுகிறான், அது துரத்துகிறது. ஒரு கட்டத்தில் அவனுடைய பழைய குரு, இனி ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார். அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

வீம்புக்கு ஒரு காரியம் செய்துவிட்டு, அதன் விளைவிடமிருந்து ஓடுகிற அவஸ்தை பதினைந்து வயதுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று, கெட்டின் தோல் செம்பழுப்பு நிறம். உயிர்த் தோழன் கறுப்பன். ஆங்கில மாயக்கதைகளின் நாயகர்கள் பெரும்பாலும் வெளுப்பாகவே இருந்த காலத்தில் லெ குவின் யோசித்துச் செய்த வேலை இது. 2004இல் தொலைக்காட்சிக்காக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரனாக்கியபோது அவர் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் நாயகி டெனார் என்ற பெண். குழந்தையிலேயே வீட்டிலிருந்து பிரித்து, பூமிக்கடியில் இருக்கும் இருட்டுச் சுரங்கங்களின் பூசாரியாக ஆக்கப்பட்டவள். கெட் வருவதற்கே வெகுநேரமாகும். "சார், தப்பான புத்தகம் குடுத்துட்டீங்க, இதுல கெட்டே இல்ல" என்று திருப்பிக் கொண்டுவந்த பையன்கள் உண்டு. இன்னும் அறுபது பக்கம் படி என்று அனுப்புவேன். மூன்றாவது பாகம் 1972இல் வந்தது. நாலாவதுக்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது பெரியவர்கள் பக்கம் சாய்ந்த கதை. பிள்ளைகளுக்கு முதல் மூன்று போதும். இது வேகமான கதையும் இல்லை. பெர்ஸி முடித்த சூட்டில் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழுக்கு வருகிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முன்னால் நின்றால் பெரியவர்களின் குரல் மாறிவிடுகிறது. "படி, நம்ம வரலாறு, நம்ம பெருமை" என்கிறார்கள். பிள்ளை உடனே பரீட்சை நோட்டை எடுப்பதுபோல் எடுக்கிறது. நான் சொல்வது வேறு. வந்தியத்தேவன் என்று ஒருத்தன். குதிரை, வாள், இடுப்பில் ஓலை. பசி அதிகம், வாய் அதிகம், சமயத்தில் பொய்யும் சொல்வான். போகிற இடமெல்லாம் வம்பு. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஏரியின் மதகுகளை எண்ணிக்கொண்டு வருகிறவன், அன்று ராத்திரியே கடம்பூர் மாளிகையில் தூக்கம் கலைந்து எழுந்து, பார்க்கக் கூடாத ஒரு கூட்டத்தைப் பார்த்துவிடுகிறான். இத்தனை பேர் காவல் காத்துக் கொண்டுவந்த மூடுபல்லக்குக்குள் இருப்பது யார் என்று திரை விலகும்போது, அவனோடு சேர்ந்து நமக்கும் தூக்கிவாரிப்போடும்.

1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருடம் வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை அது. அடுத்த வாரம் வரைக்கும் வாசகனைப் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு. அதனால்தான் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு தூண்டில் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் ஐந்து பாகத்துக்கும் தாள் நிரம்பியிருந்த ஒரே கதை அதுதான். முதல் பாகத்துக்கு இரண்டு முறை பைண்டிங் மாற்றினோம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. மலிவுப் பதிப்புகள் உண்டு, மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் காசில்லாமலும் படிக்கலாம்.

படமில்லாமல் படிக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைக்குக் காமிக்ஸ் கொடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து, அந்த இரும்புக்கை மட்டும் தனியாகத் திரியும். இன்றைக்கு ஐம்பது அறுபது வயதில் இருக்கிற எத்தனையோ தமிழ் வாசகர்களைப் புத்தகத்துக்கு இழுத்து வந்தது அந்தக் கைதான், நான் உட்பட. மந்திரமெல்லாம் வேண்டாம், துப்பறிந்தால் போதும் என்கிறவர்களுக்கு சத்யஜித் ராயின் ஃபெலூடா கதைகள் இருக்கின்றன. அவை தமிழிலும் வந்திருக்கின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், பாகக் கணக்குத் தொல்லை இல்லை.

பாகக் கணக்கு என்றதும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். நூலகங்களுக்குப் புத்தகம் வரும்போது ஒன்று, மூன்று, நான்கு வரும், இரண்டு வராது. எங்களுக்கும் அப்படி நடந்திருக்கிறது. அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் இரண்டாவது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். பிள்ளையிடம் மட்டும் சொல்லாதீர்கள், அது தானாகக் கேட்கட்டும்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது, தெரியும். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு கதையின் முதல் பாகத்தைக் கையில் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "பார்ட் 2 இங்க இல்ல. யாராவது பாத்தா சொல்லுங்க." கீழே வேறு கையெழுத்தில், "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லைப்ரரில இருக்கு." அதற்கும் கீழே, நீல மையில், மூன்றாவது கையெழுத்து: "அங்கயும் இல்ல. என்கிட்ட இருக்கு. இன்னும் நாப்பது பக்கம்தான், திங்கக்கிழமை குடுத்துடறேன்."

நன்றி, வணக்கம்.