முயலைக் கண்டு அலறிய பீட்டர்: 12 அடி தூரத்தில் தொடங்கிய சிகிச்சை

அனைவருக்கும் வணக்கம். மூன்று வயது கூட நிரம்பாத ஒரு சிறுவன், கூண்டுக்குள் அடைபட்டிருந்த முயலைப் பார்த்தே அலறினான். பின்னொரு நாள், அதே முயல் தன் விரல்களைக் கொறிப்பதற்கு அவனே கையை நீட்டினான். இடையில் நடந்தது என்ன என்பதே இந்தக் காணொளி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசையைக் கேட்டதும் உமிழ்நீர் சுரந்த, ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நாயை நீங்கள் அறிவீர்கள். உணவோடு சேர்ந்து வந்த ஓசை, பின்னர் உணவின்றியும் அதே துலங்கலை, அதாவது எதிர்வினையை, எழுப்பியது. இதற்கு ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர். 1920-இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் வாட்சனும் ரேனரும், 11 மாதக் குழந்தை ஆல்பர்ட் வெள்ளை எலியைத் தொட முனைந்தபோதெல்லாம் அவன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து ஒலியெழுப்பினர். எலியைக் கண்டாலே அழத் தொடங்கிய அக்குழந்தையின் அச்சம் முயல், நாய், ரோமக் கோட்டு என்று பரவியது. அந்த அச்சத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கற்றுக்கொண்ட அச்சத்தைக் கற்றலாலேயே நீக்க முடியுமா என்று கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். அவர் 1924-இல் வெளியிட்ட ஆய்வின் நாயகன்தான் நம் பீட்டர். எலி, முயல், ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு ஆகிய அனைத்துக்கும் அவன் அஞ்சினான். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடு அவனை விளையாடவிட்டபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் செங்காய்ச்சல் கண்டு சுமார் இரண்டு மாதங்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, அங்கிருந்து கிளம்பி டாக்சியில் ஏறும் வேளையில் பெரிய நாயொன்று பாய்ந்து வர, பழைய அச்சம் முழுமையாகத் திரும்பிவிட்டது.

இங்குதான் ஜோன்ஸின் நுட்பத்தைக் கவனியுங்கள். உயர நாற்காலியில் அமர்ந்து பீட்டர் தனக்குப் பிடித்ததை உண்டுகொண்டிருக்கும்போது, அவன் உண்பது தடைபடாத தொலைவு வரை மட்டுமே முயல் கூண்டு கொண்டுவரப்பட்டது. முதலில் 12 அடி, பிறகு 4 அடி, பிறகு 3 அடி. அடுத்து கூண்டு அருகிலேயே வந்தது. அதன்பின் முயல் அறைக்குள் அவிழ்த்துவிடப்பட்டது. இறுதியில் அவன் அதைத் தடவிக் கொஞ்சினான். இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு என்று ஜோன்ஸே எச்சரித்தார்: அவசரப்பட்டு முயலை நெருக்கினால், உணவின் இன்பம் முயலுக்குச் செல்வதற்குப் பதிலாக, முயலின் அச்சம் உணவின்மேல் ஏறிவிடும். நாய்க்கு அஞ்சும் குழந்தையை "ஒன்றும் செய்யாது, தொடு" என்று இழுத்துச் செல்லும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெரியவர்களுக்கு இதே வழியை வகுத்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப், 1958-இல் வெளியிட்ட நூலில், உணவின் இடத்தில் தசைத் தளர்வுப் பயிற்சியை வைத்தார். அஞ்சும் காட்சிகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, உடல் தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்யச் செய்தார்.

அப்படியானால் அச்சம் ஏன் தானாகக் கரைவதில்லை? தெருவில் நாயைப் பார்த்ததும் நீங்கள் அடுத்த தெருவுக்குத் திரும்புகிறீர்கள். உடனே நெஞ்சுப் படபடப்பு தணிகிறது. அந்த நிம்மதியே விலகிச் செல்லும் பழக்கத்துக்கு வெகுமதியாக அமைவதால், நாய் கடிக்காது என்பதை அறியும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவேதான் இன்றைய சிகிச்சையாளர்கள், அஞ்சும் பொருளின் முன்னால் படிப்படியாக நிற்கவைத்து, பதற்றம் இருந்தபோதும் விலகி ஓடாமல் இருக்கப் பழக்குகிறார்கள். உணவின்றி ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதால் அணைந்துபோன துலங்கல், இடைவெளிக்குப் பின் மீண்டும் எழும் என்பதைப் பாவ்லோவே கண்டிருந்தார். பழைய பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது. எனவே ஒரே அறையில் மட்டுமன்றிப் பல இடங்களிலும் பயிற்சி தேவைப்படுகிறது. டாக்சி அருகே பீட்டருக்கு நேர்ந்ததைப் போன்ற பின்னடைவு உங்களுக்கும் வந்தால், சிகிச்சை தோற்றுவிட்டதென்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் குழந்தை எதற்கு அஞ்சுகிறது, எத்தனை அடி தொலைவில் அமைதியாக இருக்கிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளியில், ஈரம் பட்டவுடன் மணியடித்துக் குழந்தையை எழுப்பும் விரிப்பைக் கொண்டு, படுக்கையை நனைக்கும் பழக்கத்துக்கு 1938-இல் உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் தீர்வு கண்ட விதத்தைப் பார்ப்போம்.