சுரப்பதற்கு முன்னே

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேச அழைத்துவிட்டு நேரத்தையும் நினைவூட்டியிருக்கும் செயலாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமினோ அமிலச் சங்கிலிகளான பெப்டைடு ஹார்மோன்களும், நரம்புச் செல்கள் செய்தி அனுப்பும் அத்தகைய சங்கிலிகளான நியூரோபெப்டைடுகளும் உருவாவது, பக்குவப்படுவது, வெளியேறுவது ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. இரத்த ஆற்றில் ஹார்மோனை விடும் செல்லுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

கணையத்தின் பீட்டா செல் இன்சுலினை இன்சுலினாகவே செய்வதில்லை. முதலில் பிறப்பது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. செல்லின் புரதப் பட்டறையான எண்டோபிளாச வலைக்குள் நுழையும்போதே அதன் முகப்பிலுள்ள 24 வெட்டுப்படுகின்றன. மீதி 86 மடிந்து, கந்தகப் பாலங்களால் பிணைந்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பைக் கடந்து சுரப்புத் துகள்களில் அடைபட்ட பின், நடுவிலுள்ள சி-பெப்டைடு என்ற துண்டையும் அதன் ஓரங்களில் நிற்கும் நான்கு அமினோ அமிலங்களையும் நொதிகள் நறுக்கி எடுக்க, எஞ்சும் 51 தான் இன்சுலின். அந்த 86-இன் கட்டத்தை 1967-இல் வெளிப்படுத்தியவர் டொனால்ட் ஸ்டெய்னர்.

பக்குவத்தின் அருமைக்கு ஒரு கதை. ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்து, பிரிந்து, ஆண்டுக்கணக்கில் போட்டியிட்டவர்கள். தைராய்டைத் தூண்டச் சொல்லி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் அனுப்பும் பொருள் எது என்பதே கேள்வி. ஒருவர் ஆட்டு மூளைகளையும் மற்றவர் பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் திரட்டி அரைத்தார்கள். அத்தனையிலிருந்தும் கிடைத்தவை மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்: குளூட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின். அவற்றைக் கோத்துப் பார்த்தால், ஐயா, ஒரு வேலையும் நடக்கவில்லை! தலைப்பக்கம் வளையமாக மூடி, வால்பக்கம் அமைடு என்னும் வேதித் தொகுதி ஏற வேண்டும் என்பது 1969-இல்தான் தெளிந்தது. முனைகளை மூடும் அந்தக் கைவேலையைச் செல் சத்தமில்லாமல் செய்துவந்திருக்கிறது. 1977-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றும் பகை தணியவில்லை என்பார்கள்.

வெளியேற்றத்துக்கு வருகிறேன். குளுக்கோஸ் ஏறியதும் பீட்டா செல்லின் பொட்டாசிய வாயில்கள் மூடிக்கொள்ள, கால்சியம் உள்ளே புக, துகள்கள் சவ்வோடு இணைந்து திறக்கின்றன. எல்லாத் துகள்களும் அல்ல, சிறு பங்குதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

இவ்வளவும் நம் பாடநூல்களில் ‘சுரக்கிறது’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ஊற்றுநீர்போலத் தானாகக் கசிவதாக மாணவர் எண்ணாமல் வேறென்ன செய்வார்? வெட்டும் நொதிகளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நியூரோபெப்டைடுகளை விரிக்க நேரமில்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோரிக்கைத் தாள் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிட்டுச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.