வெள்ளெழுத்தும் ஒரு கிண்ணம் மணியும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சரவாக் காட்டிலிருந்து திரும்பி இன்றோடு 11 நாள் ஆகிறது. அங்கே மருத்துவத் தொண்டுக்குப் போனபோது கொடுத்த மூக்குக்கண்ணாடி பற்றித்தான் இன்று பேச வந்தேன். கணுக்காலில் அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. பேச்சுக்கு நடுவே நான் குனிந்து சொறிந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வானொலியில் அப்படி ஒரு வசதி.

நான் ஓய்வுபெற்ற தாதி. முப்பது வருடம் வார்டில் நடந்த கால் வீட்டில் சும்மா இருக்கவில்லை. தொண்டூழியக் குழு ஒன்றோடு இது நான்காவது பயணம். சிங்கப்பூரிலிருந்து மீரி நகருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். அங்கிருந்து மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட மண் சாலையில் ஒரு முழு நாள் குலுக்கல், அப்புறம் படகு. பாராம் ஆற்றின் மேல்பகுதியில் கென்யா மக்களின் நீளவீடு. ஆப்பிரிக்காவில் இருக்கும் கென்யா இல்லை, போர்னியோவின் பழங்குடிகளில் ஒரு பிரிவினர். நீளவீடு என்றால் எப்படி இருக்கும்? நம் வீவக அடுக்குமாடி புளோக்கில் வீட்டு வாசல்களுக்கு முன்னால் பொது நடைபாதை இருக்கிறதல்லவா, அதை மரத்தால் செய்து, பல மடங்கு அகலமாக்கி, தூண்கள் மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எங்கள் மருந்தகம்.

திரும்பி வந்ததும் மின்தூக்கியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பேரைப் பார்த்தீங்க?" மூன்று நாளில் 240 பேர் என்பேன். அவர்களுக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை. அந்த 240 பேரில் ரத்த அழுத்தக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்தோம். ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டு.

முதல் பயணத்தில் இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சரவாக்கில் 1973லிருந்து பறக்கும் மருத்துவர் சேவை நடக்கிறது, உட்காட்டு ஊர்களுக்கு ஹெலிகாப்டரில் வந்து பார்க்கிறார்கள். நாங்களோ எங்கள் பெட்டியைத் திறந்து எங்கள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தோம். மறுமுறை போனபோது ஒரு பெரியவர் இரண்டு கால்களும் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவர்கள் கொடுத்தது ஒன்று, நாங்கள் கொடுத்தது ஒன்று. இரண்டுமே அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரைதான், அட்டையில் பெயர் மட்டும் வேறு. அளவு கூடினால் கால் வீங்கும். பாவம், சிங்கப்பூர் மாத்திரை என்று பத்திரமாக வைத்து, விடாமல் சாப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து உள்ளூர் மருந்தகத்தின் புத்தகத்தைப் பார்க்காமல் நான் ஒரு மாத்திரையும் எடுத்துக் கொடுப்பதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது கண்ணாடி. என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பார்கள், "ஆரம்பிச்சிட்டாங்க" என்று.

நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்போம். என் பாட்டி சாளேஸ்வரம் என்பார். தமிழ் முரசைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்களே, அதுதான். நமக்கு அது ஒரு நோயே இல்லை. தேக்காவில் ஏதோ ஒரு கடையில் நுழைந்து, சில வெள்ளிக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. ஆற்றுக்கு மேலே அந்தக் கடை இல்லை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு பாட்டி வந்தார். தலைவலி என்றார். அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. கழுத்தைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பேச்சுக்கொடுத்தேன். என் மலாய் சந்தை மலாய், அவருடையது சரவாக் மலாய், எப்படியோ ஒப்பேற்றினோம். கென்யா பெண்கள் சிறு சிறு பாசிமணிகளைக் கோத்து, குழந்தையை முதுகில் சுமக்கும் கூடைக்கு அலங்காரம் செய்வார்கள். ஒவ்வொரு மணியும் கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த வேலையில் பேர்போனவராம் இவர். கோப்பதை விட்டு நான்கைந்து வருடம் ஆகிறதாம். "சிக் நம்பாக்" என்றார், கண் தெரியவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு எழுத்து அட்டை எதற்கு? வீட்டிலிருந்து மணியும் ஊசியும் எடுத்துவரச் சொன்னேன். பேத்தி ஓடிப்போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். ஒன்றரை பவர் போட்டுப் பார்த்தோம், உதட்டைப் பிதுக்கினார். இரண்டு, இரண்டரை, ம்ஹும். மூன்று போட்டதும் பேச்சு நின்றுவிட்டது. ஊசி முனையால் ஒரு மணியை எடுத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. "நம்பாக்" என்று மெல்ல ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், இவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பல் மருத்துவர் தம்பிதான் வந்து, "அக்கா, லைன் நகரல" என்றார். எழுந்தவர் பேத்தியின் முகத்தைக் கிட்டத்தில் இழுத்துவைத்துப் பார்த்து, நெற்றித் தழும்பு எப்படி வந்தது என்று அதட்டினார். அந்தப் பெண்ணுக்கு அது மூன்று வருடத் தழும்பு!

இது ஒரு பாட்டியின் கதை மட்டும் இல்லை. அசாமில் தேயிலை கிள்ளும் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். நம்மில் எத்தனை பேருடைய பாட்டி தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்! கண்ணாடிக்கு மாதாமாதம் மாத்திரை போல வேறு ஒன்று தரவேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கும். இந்தமுறை 120 எடுத்துப்போனோம், மூன்று பவர் இரண்டாம் நாளே தீர்ந்துபோனது.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கி. திரும்பி வந்தபிறகு என்ன செய்யவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சரவாக்கில் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியா ஒன்று உண்டு, நோலெசி என்று பெயர். காப்பிட் பகுதியில் பலருக்கு இருப்பதை 2004இல் கண்டுபிடித்தார்கள். அதுவரை நுண்நோக்கியில் பார்த்து வேறு மலேரியா என்றே நினைத்திருந்தார்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் காத்திருக்க முடியாது. காட்டுக்குப் போய்வந்து காய்ச்சல் அடித்தால், பலதுறை மருந்தகத்தில் முதல் வார்த்தையாக "காட்டுக்குப் போனேன்" என்று சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்கிளின் மாத்திரை கொடுத்திருந்தால், வீட்டுக்கு வந்தாயிற்றே என்று நிறுத்தக்கூடாது, திரும்பியபின் நான்கு வாரம் தினமும் போடவேண்டும். எலிக்காய்ச்சல் பற்றியும் எழுதியிருந்தேன், நேரமில்லை. எனக்கு இன்னும் 17 மாத்திரை பாக்கி. வணக்கம்.