மைக் கெட்டுப்போகவில்லை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியைத் திறக்கிறோம். சிவப்புப் பொத்தானை அழுத்துகிறோம். பதிவு தொடங்குவதற்குப் பதிலாக, 'ஒலிச் சாதனத்தைத் திறப்பதில் பிழை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த மைக். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. சிலர் சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நாம் செய்கிற வேலைகள் தெரிந்தவைதான். மைக்கைப் பிடுங்கிச் செருகுவோம். கணினியை அணைத்துப் போடுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவோம். முதல் இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. மூன்றாவது பெரும்பாலும் வீண் வேலை. ஆடாசிட்டியை நீக்கினாலும், எந்தச் சாதனம், என்ன சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) என்றெல்லாம் நீங்கள் தேர்ந்தெடுத்ததை எழுதி வைத்திருக்கும் கோப்பு உங்கள் பயனர் அடைவில் அப்படியே கிடக்கும். புதிதாக நிறுவியதும் மென்பொருள் முதலில் அதைத்தான் படிக்கும். பழைய தேர்வு, பழைய பிழை. அமைப்புகளைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டுமென்றால் கருவிகள் பட்டியலிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது, அரை நிமிட வேலை.

சரி, அந்தப் பெட்டி உண்மையில் என்ன சொல்கிறது? 'மைக் போய்விட்டது' என்று சொல்லவில்லை. 'நான் கேட்டேன், கொடுக்கவில்லை' என்கிறது. யார் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடாசிட்டி நேரடியாக வன்பொருளைத் தொடுவதே இல்லை. 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனியும் ரோஜர் டேனன்பர்கும் அதை எழுதத் தொடங்கினார்கள், 2000-இல் வெளிவந்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. மூன்றிலும் ஒலியைக் கையாளும் முறை வேறு வேறு. அதனால் நடுவில் போர்ட்ஆடியோ என்ற மென்பொருள் நூலகம் உட்கார்ந்திருக்கிறது. ஆடாசிட்டி போர்ட்ஆடியோவிடம் கேட்கும், அது இயங்குதளத்திடம் கேட்கும், இயங்குதளம் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரிடம் கேட்கும். இந்த வரிசையில் யார் கைவிரித்தாலும் நமக்கு வருவது அதே பெட்டிதான்.

புதிய பதிப்புகளில் அந்தப் பெட்டிக்குள் ஓர் எண் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். அது போர்ட்ஆடியோ கொடுக்கும் எண். -9996 என்றால் நீங்கள் சொன்ன சாதனம் செல்லாது. -9997 என்றால் நீங்கள் கேட்ட சாம்பிள் ரேட் கிடையாது. -9998 சேனல் எண்ணிக்கையில் தகராறு. -9985 என்றால் சாதனம் இருக்கிறது, ஆனால் இப்போது கிடைக்காது, அதாவது பெரும்பாலும் வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். -9999 வந்தால்தான் எரிச்சல், அதற்குப் பொருள் 'கீழே எதிர்பாராத ஏதோ நடந்தது' என்பது மட்டுமே. மற்றவை எங்கே தேட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிவிடும்.

இந்தப் 'பிடித்திருப்பது' எப்படி நடக்கிறது? பழைய லினக்ஸில் ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பு இருந்தது. பல சவுண்ட் கார்டுகளில், ஒரு நிரல் சாதனத்தைத் திறந்தால் அது மூடும் வரை அடுத்த நிரல் காத்திருக்க வேண்டியதுதான். மேடையில் ஒரே ஒரு மைக், பிடித்தவர் கீழே வைத்தால்தான் அடுத்தவர் பேசலாம் என்பது மாதிரி. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், ஆல்சா என்ற ஒலி அமைப்பு முதன்மை இடத்துக்கு வந்தது. அப்புறம் 2004-இல் பிறந்த பல்ஸ்ஆடியோ, எல்லா நிரல்களின் ஒலியையும் தான் வாங்கிக் கலந்து கார்டுக்கு அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டது. 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு அந்த இடத்தில் பைப்வயர் என்ற நிரலை வைத்தது. மற்ற பல லினக்ஸ்களும் பின்னால் வந்தன.

பகிர்ந்து கொடுப்பவர் வந்துவிட்டார், இனி சண்டை எதற்கு என்று தோன்றும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. பகிர்ந்து கொடுப்பவரே கார்டைத் தன் கையில் வைத்திருக்கிறார். ஆடாசிட்டியிலோ, ஆர்டோர் என்ற பதிவு மென்பொருளிலோ சாதனப் பட்டியலில் 'இயல்புநிலை' என்பதை விட்டுவிட்டு, நேரடி வன்பொருள் பெயரைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் அவரைத் தாண்டிப் போய்க் கார்டைக் கேட்கிறீர்கள். தாமதத்தைக் குறைக்கும் ஒலி நிரலான ஜாக் சர்வரும் அப்படித்தான் தனக்கென்று முழுதாகக் கேட்கும். உலாவியில் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தால்கூட, 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று திருப்பி அனுப்பப்படலாம். காணொளியை நிறுத்தினால் சில நொடிகளில் பல்ஸ்ஆடியோ கையை விட்டுவிடும், உடனே உங்களுக்குக் கிடைக்கும். 'சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை' என்ற புலம்பலில் பாதி இதுதான்.

இதற்காக ஜாக்கைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. பாடிக்கொண்டே தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு, தாமதம் சில மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். இடையில் ஆள் இல்லாமல் கார்டை முழுதாகப் பிடிப்பது அதற்காகத்தான். ஒரு குரலை மட்டும் பதிவு செய்பவருக்கு அந்தத் தேவையே இல்லை. அவர் இயல்புநிலையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகலாம்.

லினக்ஸில் யார் பிடித்திருக்கிறார் என்று ஊகிக்க வேண்டியதில்லை, பெயரோடு பார்க்கலாம். ஃபியூசர் என்ற கட்டளையை விவரமாகக் காட்டச் சொல்லி, டெவ் அடைவுக்குள் இருக்கும் ஒலிச் சாதனக் கோப்புகள் மேல் ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் நேராகப் பயனர், செயல்முறை எண், நிரலின் பெயர் வரும். பட்டியலில் பைப்வயர் என்று பார்த்ததும் பதற வேண்டாம். 'கண்ட்ரோல்' என்று தொடங்கும் கோப்புகளை அது எப்போதும் திறந்துதான் வைத்திருக்கும், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது 'பிசிஎம்' என்று தொடங்குபவற்றை. அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஆங்கில 'சி' என்றால் உள்ளே வரும் ஒலி, 'பி' என்றால் வெளியே போகும் ஒலி. 'சி'யில் முடியும் கோப்புக்கு நேராக ஒரு வீடியோ அழைப்புச் செயலியின் பெயர் நின்றால், உங்கள் மைக்கைப் பிடித்திருப்பவர் அவர்தான். சாளரத்தை மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பார்.

விண்டோஸில் கதை வேறு மாதிரி. ஆடாசிட்டியில் 'ஆடியோ ஹோஸ்ட்' என்ற இடத்தில் எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசாபி என்று மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றும் ஒரே மைக்குக்குப் போகும் மூன்று வழிகள். எம்எம்இ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, கிழடுதான், ஆனால் பொறுமைசாலி. நீங்கள் என்ன சாம்பிள் ரேட் கேட்டாலும் மாற்றிக் கொடுத்துவிடும். அதன் வழியாகப் பார்த்தால் சாதனப் பெயர்கள் 31 எழுத்தோடு வெட்டுப்பட்டு நிற்கும். ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மைக்குகளில் எது எது என்று தெரியாமல் தவறானதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். வாசாபி விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது, சுத்தமான வழி, கணினியில் ஓடும் ஒலியையே பதிவு செய்யவும் அதுதான் உதவும். ஆனால் கறாரானது. விண்டோஸ் அமைப்பில் மைக் 48000-இல் இருக்க, நீங்கள் 44100-இல் கேட்டால் முடியாது என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அங்கேதான் -9997 வரும். மூன்று இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள்: விண்டோஸின் மைக் பண்புகள், ஸ்பீக்கர் பண்புகள், ஆடாசிட்டியின் புராஜெக்ட்.

அதே பண்புகள் சாளரத்தில், 'இந்தச் சாதனத்தைச் செயலிகள் தங்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஒரு பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கும். யாராவது அதைப் பயன்படுத்தி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிடும். பதிவுக்கு அது தேவையில்லை என்றால் அந்த டிக்கை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் அமைப்புகளின் தனியுரிமைப் பக்கத்தில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். மேக்கில் 2018-இல் வந்த மொஹாவேயிலிருந்து இதே அனுமதி தேவை. அங்கே அனுமதி இல்லையென்றால் பிழைச் செய்திகூட வராமல், பதிவு ஓடும், அலைவடிவம் நேர்கோடாக இருக்கும். ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டு அந்த நேர்கோட்டைப் பார்ப்பது கொடுமை.

இப்போது பலரும் தேடாத ஓர் இடம். பிழை வந்தது பதிவு செய்யும்போது, அதனால் எல்லோரும் மைக்கையே நோண்டுவார்கள். ஆனால் புராஜெக்டில் ஏற்கெனவே ஒரு தடம் இருந்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதிவு செய்யும் வசதி இயங்கினால், மென்பொருள் மைக்கோடு சேர்த்து ஸ்பீக்கரையும் திறக்க வேண்டும். ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுத்தது நேற்று கழற்றிய ஹெட்ஃபோன் என்றால், மைக்கில் எந்தக் குறையும் இல்லாமலே பிழை வரும். புதிய புராஜெக்டில் முதல் தடம் பதிவாகிறது, இரண்டாவது தடம் பதிவாகவில்லை என்றால் உடனே வெளியீட்டுச் சாதனத்தைப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்செட் இதில் தனி ரகம். பாட்டுக் கேட்கும்போது அது ஒரு முறையில் நல்ல ஸ்டீரியோவாக வேலை செய்யும். அதன் மைக்கைத் திறந்த நொடியில் தொலைபேசி முறைக்கு மாறி, பெரும்பாலும் 8000 அல்லது 16000 சாம்பிள் கொண்ட மோனோவாகிவிடும். நீங்கள் 44100 ஸ்டீரியோ என்று பிடிவாதம் பிடித்தால் எங்கே போவது? பதிவுக்கு புளூடூத் மைக் வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. மென்பொருள் திறந்த பிறகு யுஎஸ்பி மைக்கைச் செருகினால் பட்டியலில் வராமல் போகலாம். ஆடாசிட்டி தொடக்கத்தில்தான் சாதனங்களை எண்ணி வைக்கிறது. ஆடியோ அமைப்புப் பொத்தானுக்குள் மறுபடி தேடச் சொல்லும் வரி இருக்கிறது, அதை அழுத்தினால் போதும்.

இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியுமா என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு உள்ளீட்டுச் சாதனத்தைத்தான் எடுக்கும். மேக்கில் இரண்டையும் சேர்த்து ஒரே சாதனமாகக் காட்ட வழி உண்டு, லினக்ஸில் பைப்வயர் மூலமாகவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு மைக்குக்கும் சொந்தக் கடிகாரம். இரண்டும் 48000 என்று சொல்லும், துல்லியமாக ஒன்றாக இருக்காது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். இருவர் பேசும் பதிவில் சிரிப்பு முதலிலும் நகைச்சுவை பிறகும் வரும். மேக்கில் அந்த விலகலைத் திருத்தும் பெட்டியை இரண்டாவது சாதனத்துக்கு டிக் செய்ய வேண்டும். அடிக்கடி இப்படிப் பதிவு செய்பவர் என்றால், இரண்டு மைக் செருகும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவதே நல்லது, ஒரே கடிகாரத்தில் இரண்டும் ஓடும்.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால், 'மைக் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். உதவிப் பட்டியலில் சோதனைத் தகவல்கள் என்ற பகுதிக்குள் ஒலிச் சாதன விவரம் இருக்கிறது. எந்தெந்தச் சாதனங்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றும் எந்தெந்த சாம்பிள் ரேட்டை ஏற்கும் என்று அது முழுதாகக் கொட்டும். அதைச் சேமித்து, பெட்டியில் வந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். சரி, இனி உங்கள் கேள்விகள். முன்வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்கலாம்.